மேல் வீட்டுப் பிரம்மச்சாரி

பிரம்மச்சாரி என்று சொல்லிக்கொள்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண் கிடைக்காதவர்கள். மீதிப் பேர் பெண் கிடைத்தும் நகை விஷயத்தில் ஒத்துவராதவர்கள். அசல் பிரம்மச்சாரி என்று உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் தூத்துக்குடியில், எங்கள் வளவின் மாடியறையில் குடியிருந்தார்.

இப்படி அடித்துச் சொல்லலாமா என்று எழுதிய கையோடு எனக்கே சந்தேகம் வருகிறது. இமயமலைப் பக்கம் இரண்டொருவர் இருக்கலாம்தான். ஆனால் அவர்களுடைய செருப்பை யாராவது பார்த்திருக்கிறார்களா? எங்கள் பிரம்மச்சாரியின் செருப்பை நான் தினமும் பார்த்தேன். இடது காலில் கறுப்பு வார், வலது காலில் சிவப்பு வார். ஒரே நிறத்தில் வாங்கினால் அது ஜோடி ஆகிவிடும். ஜோடி என்ற எதுவும் அவர் கூரைக்குக் கீழே வரக் கூடாது. மார்க்கெட் முனையில் செருப்புத் தைக்கிறவர், தனித்துப்போன ஒற்றைச் செருப்பு எது வந்தாலும் அவருக்கென்று எடுத்து வைத்துவிடுவார்.

ஒருநாள் நான் மூலைக்கடையில் சீரகம் வாங்கிக்கொண்டு நிற்கும்போது இவர் பழம் வாங்க வந்தார். கடை அண்ணாச்சி சீப்பிலிருந்து பிய்த்துக் கொடுத்த பழத்தில் ஒன்று இரட்டைப் பழம். பாம்பைத் தொட்டது போல இவர் கையை உதறினார்.

"என்னவே, அழுகலா?" என்றார் கடை அண்ணாச்சி.

"ஒட்டுப்பழம். தின்னா ரெட்டைப் பிள்ளை பொறக்கும்னு சொல்லுதாங்கள்ல?"

"கல்யாணமே கட்டாத உமக்கு எப்படிவே பிள்ளை பொறக்கும்? அதுலயும் ரெட்டை!"

"பொறக்காதுதான் அண்ணாச்சி. இருந்தாலும் நாம சாக்கிரதையா இருந்துக்கிடணும்."

பெண்கள் விஷயத்திலும் இதே ஜாக்கிரதைதான். எந்தப் பெண்ணைப் பார்த்தாலும், அதாவது பார்க்காமல் குனிந்துகொண்டே, "பெரியம்மா" என்பார். மீன் விற்க வருகிற கிழவியும் பெரியம்மா, பாவாடை சட்டையோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் பெரியம்மா. கல்யாணமாகி இரண்டு வருஷம் முடியாமல், கையில் மூன்று மாதக் குழந்தையோடு நான் அந்த வளவுக்குக் குடிபோன முதல் நாள், "பெரியம்மா, கொஞ்சம் வழி விடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. நான் ஒதுங்கி, பின்னால் வருகிற பெரியம்மாவைத் தேடினேன். யாரும் இல்லை. அன்று சாயந்தரம் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன்.

வளவு என்றால் ஒரு முற்றத்தைச் சுற்றி நாலு வீடு. கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு. மாடியில் ஓர் அறையும் மொட்டை மாடியும் அவருக்கு. விடியற்காலையில் குளித்துவிட்டு, கோவணத்தைக் கம்பியில் காயப்போட்டு, அனுமார் படத்துக்கு முன்னால் கர்லாக்கட்டை சுற்றுவார். அந்தக் கோவணம் கரையில் நிற்கிற தோணிக்காரர்களுக்கெல்லாம் தெரியும். "பிரம்மச்சாரி துணி கெழக்க பாத்துப் பறக்குலே, கச்சான் எடுத்துட்டான்" என்று மேல்காற்றைக் கணித்துப் பாய் விரிப்பார்களாம். இதைச் சொன்னது என் வீட்டுக்காரர். அவர் துறைமுகத்தில் மின்சாரப் பிரிவு. அவர் சொல்வதில் பாதியை நான் நம்புவதில்லை; இது எந்தப் பாதி என்று தெரியவில்லை.

மாடிக்காரருடைய சொந்தப் பெயர் வளவில் யாருக்கும் தெரியாது. பிரம்மச்சாரி, அவ்வளவுதான். எனக்கு எதையும் சரிபார்க்காவிட்டால் தூக்கம் வராது. நாசரேத் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது பரிசாகக் கிடைத்த ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'செலிபேட்' என்ற சொல்லுக்கு லத்தீனில் மூலம். முதலில் அதற்குக் கல்யாணம் ஆகாதவர் என்பதற்கு மேல் எந்தப் பொருளும் கிடையாதாம். விரதம், சத்தியம் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. நம்முடைய பிரம்மச்சாரியும் அப்படித்தான். குருவின் வீட்டில் தங்கி வேதம் படிக்கிற மாணவனுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். படிப்பு முடிந்ததும் அவன் எழுந்து போய்க் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும். வகுப்பு முடிந்த பிறகும் எழுந்திருக்க மறுத்த யாரோ சிலரால்தான் சொல்லுக்கு இப்போதைய பொருள் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பெரியவர்கள் தவறென்றால் திருத்தலாம்.

எங்கள் வீட்டுக்காரம்மா மிக்கேலம்மாவுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவர்கள் கடற்கரைக் கத்தோலிக்கர். கணவர் போன பிறகு வளவின் வாடகையில் குடும்பம் நடத்துகிறவர்.

"கல்யாணம் கட்டக் கூடாதுன்னா அதுக்கு ஒரு அங்கி வேணும்ளா. பங்குச்சாமியாருக்கு அங்கி இருக்கு, மடத்துச் சிஸ்டருக்கு முக்காடு இருக்கு. இந்த மனுசன் கைலியக் கட்டிக்கிட்டு நானும் அப்படித்தாம்னா எப்படி நம்புறது?"

"எங்க ஹாஸ்டல் இருந்த ஊர்ல புராட்டஸ்டண்டு சாமியாருக்கே கல்யாணம் உண்டு அக்கா. ஐயர்னு சொல்வாங்க. ஐயரம்மாவும் இருப்பாங்க, பிள்ளைகளும் இருக்கும்."

மிக்கேலம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே! அப்ப யாருக்குத்தான் என்ன கணக்கு?"

எனக்கு அப்போது அந்தக் கணக்கைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. என் மகள் வல்லி. தோளில் போட்டுத் தட்டினால் தூங்குவாள். தொட்டிலில் இறக்கினால் எழுந்துவிடுவாள். முதுகு துணியில் பட்டதும் கத்தல். திரும்பத் தோள், திரும்பத் தொட்டில், திரும்பக் கத்தல். பிள்ளைக்கு முதுகில் ஏதாவது கோளாறோ, நான் தூக்குகிற விதத்தில் கோளாறோ, தாய்ப்பாலில் கோளாறோ என்று டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, எனக்குச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

ஒரு சாயந்தரம் இந்தப் போராட்டம் நடக்கும்போது மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. பிரம்மச்சாரி கடைசிப் படியில் எங்கள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"பெரியம்மா, நீங்க இறக்குத முறை சரியில்ல. சரக்கு பாதி வழியிலயே பயந்துருது."

சரக்கு என்றால் என் பிள்ளை. இங்கே அவருடைய வேலையைச் சொல்லிவிட வேண்டும். கப்பலில் சரக்கு இறக்கும்போது, கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கிரேன்காரருக்குத் தெரியாது. மேல் தளத்தில், ஹட்ச் என்கிற அந்தத் திறப்பின் ஓரத்தில் ஓர் ஆள் நின்று கையாலும் குரலாலும் வழி சொல்ல வேண்டும். அந்த சிக்னல்மேன் இவர்தான். துறைமுக பாஷையில் 'ஆரியா' என்றால் இறக்கு.

"ஆரியா… ஆரியா… மெள்ள. கால் மொதல்ல படக்கூடாது. முதுகு படட்டும். ஆரியா… நிறுத்து! அசையாதீங்க. சரக்கு உக்காரட்டும். இப்ப இன்னும் கொஞ்சம்… ஆரியா… ஆங். உக்காந்துட்டு. இனிமே கொக்கியைக் கழட்டுங்க."

கொக்கி என்றால் என் கை. கழற்றினேன். வல்லி தூங்கினாள். நான் அந்தத் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"திரும்பிப் பாக்காமலே எப்படி அண்ணாச்சி சொன்னீங்க?"

"கொலுசு சொல்லுதே பெரியம்மா. சரக்கு ஆடுனா சத்தம் வரும்லா."

அதற்குப் பிறகு அது தினப்படி வழக்கம் ஆகிவிட்டது. வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து "ஆரியா" என்பார். கொஞ்ச நாளில் அந்தக் குரல் கேட்டாலே பிள்ளைக்குக் கண் சொருகும். ஒருநாள் அவர் வர நேரமானதால் என் வீட்டுக்காரர் "ஆரியா" சொல்லிப் பார்த்தார். சுவிட்சைத் தட்டியது போலப் பிள்ளை முழித்துக்கொண்டது. எனக்கு வேறு கவலை வந்தது. பெரியவளாகி வாழப்போகிற வீட்டில் யார் இவளுக்கு ஆரியா சொல்வார்கள்? அந்தக் கவலையை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மொதல்ல அவளுக்குப் பல்லு மொளைக்கட்டும்" என்றார்.

பழகிய தைரியத்தில் ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்கலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான்.

"அண்ணாச்சி, ஏன் நீங்க கல்யாணமே பண்ணிக்கிடல?"

முதுகு பதில் சொன்னது.

"நான் சின்னப் பயலா வேலைக்குச் சேந்தப்ப எனக்கு முன்னால ஒருத்தர் ஹட்ச்சுல நிப்பாரு. நல்ல கைகாரரு. ஒருநா அவரு பிள்ளைக்குக் காச்சல். நெனப்பு பூரா வீட்டுல. ஒரு நிமிசம்தான் பெரியம்மா, கண்ணு இந்தப் பக்கம் திரும்பிட்டு. சரக்கு சாஞ்சு, கீழ நின்னவன் கால் போச்சு. ரெண்டு காலும். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். மேல சரக்கு, கீழ ஆளு. அதுக்கு மேல நமக்கு ஒரு நெனப்பு வரப்படாது. பெண்டாட்டி பிள்ளைன்னு ஆச்சுன்னா கண்ணு ஹட்ச்சுல நிக்காது."

அகராதியில் இந்தப் பொருள் இல்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வளவில் குண்டு போட்டவர்கள் மணப்பாட்டிலிருந்து வந்தார்கள். மிக்கேலம்மாவின் மகனுக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், மெச்சினார்கள், காப்பி குடித்தார்கள். பெண்ணின் தகப்பனார் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"மேல யாரு?"

"ஒருத்தரு இருக்காரு. துறைமுகத்துல வேலை. எங்க வீட்டுக்காரரு காலத்துலயே வந்தவரு."

"குடும்பமா?"

மிக்கேலம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "இல்ல. ஒத்தை ஆளு. பிரம்மச்சாரி."

"எம் மக நடமாடப்போற வளவுல கல்யாணம் கட்டாத ஆம்பளையா? அது சரிப்படாதே" என்று டம்ளரைக் கீழே வைத்தார் அவர்.

அவர்கள் பஸ் ஏறியதும் மிக்கேலம்மா படியடியில் நின்று மாடியைப் பார்த்துச் சொன்னார். "இங்கரும்! என் மகன் கல்யாணம் உம்மால நிக்கப்படாது. ஒண்ணு நீரு கல்யாணம் கட்டும். இல்ல, அங்கி போடும். ரெண்டும் முடியாதுன்னா இந்த மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணும்." சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரே அழுதார். எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது.

பிரம்மச்சாரி வீடு தேடக் கிளம்பினார். இடது கறுப்பு, வலது சிவப்பு. திரும்பி வந்து படியில் உட்கார்ந்து முதுகு வழியாகச் செய்தி சொல்வார்.

"போற எடத்துலெல்லாம் ஒரே கேள்விதான் பெரியம்மா. குடும்பமாங்காங்க. இல்லைங்கேன். அப்ப வீடு இல்லைங்காங்க. பெண்டாட்டியப் போட்டு அடிக்கிறவனுக்கு வீடு குடுக்கான். கட்டாதவனுக்கு இல்லியாம்."

ஒரு லாட்ஜில் போய்ப் பார்த்தார். அங்கே அறைச் சுவரெல்லாம் நடிகைகள் படம் போட்ட காலண்டர். இவர் எல்லாக் காலண்டரையும் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டு, கர்லாக்கட்டை சுற்ற ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் விடிவதற்குள் அவரைப் பெட்டியோடு வெளியே வைத்துவிட்டார்கள்.

நான் மிக்கேலம்மாவிடம் போய் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று தினமும் புறப்படுவேன். முற்றத்தில் பாதி தூரம் போனதும், ஒரு ஆணுக்காக நான் பரிந்து பேசினால் என்ன நினைப்பார்களோ என்று தோன்றும். திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வந்ததும், பேசாமல் வந்தது எவ்வளவு கோழைத்தனம் என்று தோன்றும். மறுபடி புறப்படுவேன். முற்றத்தைக் கூட்டுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வல்லிக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். காது குத்தினால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். கம்மலும் மாமன்தான் கொண்டுவர வேண்டும். நான் வீட்டுக்கு ஒரே பெண். ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து வரவேண்டிய சித்தப்பா மகன் பம்பாயில் வேலை கிடைத்துப் போயிருந்தான். லீவு இல்லை என்று தந்தி வந்தது.

"மாமன் மடிக்கு இனி எங்க போக?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் கையிலிருந்த தந்தியைப் பார்த்தேன். பிறகு படியில் இருந்த முதுகைப் பார்த்தேன். வாழ்க்கையில் யோசிக்காமல் நான் செய்த காரியம் அது ஒன்றுதான்.

"அண்ணாச்சி, வல்லிக்கு நீங்க மாமனா மடியில வச்சுக்கிடணும்."

அந்த முதுகு விறைத்ததை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

"பெரியம்மா, எனக்கு அதெல்லாம் ஆகாது. மடியில உக்காந்த பிள்ளை அப்புறம் நெனப்புலயும் உக்காந்துரும். அதோட… கம்மல் வாங்கணும். கம்மல் ஜோடில்லா."

எழுந்து மாடிக்குப் போய்விட்டார். கேட்டிருக்கக் கூடாதோ என்று நான் காது குத்து நாள்வரை தூங்கவில்லை. மாமனுக்கு ஆள் இல்லை என்பதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லவும் இல்லை.

அன்று முற்றத்தில் பாய் விரித்து, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கத்துச் சொந்தமும் வந்தாயிற்று. போதாததற்கு மிக்கேலம்மா, மாடி காலியாகப் போகிறது என்பதை நேரில் காட்டுவதற்காக மணப்பாட்டுக்காரர்களையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்.

"நல்ல நேரம் போவுது. மாமன் எங்க?" என்றார் ஆசாரி.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பிரம்மச்சாரி சலவை வேட்டியும் சட்டையுமாக, தாம்பாளம் ஏந்தி இறங்கி வந்தார். சீப்பாக வாங்காமல், ஒன்றொன்றாகப் பிய்த்து அடுக்கிய பழங்கள். நடுவில் இரண்டு காகிதப் பொட்டலம். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. ஆசாரி பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஒற்றை முத்துக் கம்மல்.

"என்னய்யா இது? ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறிசு?"

"இது கீழத்தெருவுல செஞ்சது. அது மேலத்தெருவுல செஞ்சது" என்றார் பிரம்மச்சாரி. "ஒத்தையா ஒண்ணு போதும்னேன். மூக்குக்கான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

முத்து விளைகிற ஊரில் இப்படி ஜோடி சேராத முத்தை ஆசாரி தம் ஆயுளில் பார்த்திருக்க மாட்டார். இப்போது பள்ளிக்கூடம் போகிற வல்லி அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறாள். மாற்றிவிடலாமே என்று டீச்சர் சொல்லிவிட்டார். நானும் இரண்டு தடவை நகைக் கடை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

பிரம்மச்சாரி பாயில் உட்கார்ந்தார். நான் பிள்ளையை அவர் மடியில் இறக்கக் குனிந்தேன். பாதியில் வல்லி உடம்பை விறைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஆரியா…" என்றார். அந்தக் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். "ஆரியா… மெள்ள… ஆரியா…"

பிள்ளை மடியில் உட்கார்ந்தது. ஆசாரி குத்தினார். வல்லி ஒரு கத்தல் கத்தி நிறுத்திவிட்டாள். அழுகையை நிறுத்தாதவர் மாமன்தான். கண்ணீர் தாரை தாரையாக வழிந்து சலவைச் சட்டையை நனைத்தது. கர்லாக்கட்டை சுற்றுகிற தோள் குலுங்கியது. "மாமன் காதுலயா குத்துனீரு ஆசாரியாரே?" என்று யாரோ கேட்டார்கள்.

மணப்பாட்டுக்காரர் மிக்கேலம்மா பக்கம் சாய்ந்தார். "இவரு யாரு?"

"மேல குடியிருக்கவரு."

"ஒத்தை ஆளுன்னீகளே?"

மிக்கேலம்மா முற்றத்தைப் பார்த்தார். மடியில் பிள்ளை அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லத் தெரியாதவர் என்று முன்னமே சொன்னேன். அன்றும் அவர் பொய் சொல்லவில்லை.

"கண்ணு இல்லியா உங்களுக்கு? அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன். தாய்மாமன் குடும்பம் இல்லைன்னா வேற எதுவய்யா குடும்பம்? அவரு மேலதான் இருப்பாரு. பெண்ணைத் தாறதும் தராததும் உங்க இஷ்டம்."

மணப்பாட்டுக்காரர் யோசித்தார். பந்தியில் பாயசம் இரண்டாம் தடவை வந்தபோது சரி என்றுவிட்டார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தேன். அந்த நேரத்துக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டியவர் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். முதுகு இல்லை. முகம். இத்தனை நாளில் அந்த முகம் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான்.

"வேலைக்குப் போகலியா அண்ணாச்சி?"

"போனேன். துறைமுக கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். பிள்ளைக்குக் காது வீங்கியிருக்குமோன்னு ஒரே நெனப்பு. இந்த நெனப்போட ஹட்ச்சுல நின்னா கீழ நிக்கவன் கதி என்ன ஆவுறது? இன்னைக்கு லீவு போட்டுட்டேன்." கையை நீட்டினார். "கொஞ்சம் பிள்ளையக் காட்டு தங்கச்சி."

பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு, காப்பி போட உள்ளே போனேன். அலமாரியில் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக இருந்தன. அண்ணனுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். எனக்குத் தேடிப்பிடித்து ஒரு பித்தளை டம்ளரை எடுத்துக்கொண்டேன்.